எட்டா, பதினாறா?

மடிக்கணினி வாங்கப் போகிறவரிடம் கடைக்காரர் பல கேள்விகள் கேட்பார். அவற்றில் ஒன்றுக்குச் சொல்லும் பதிலை மட்டும் பிறகு மாற்றிக்கொள்ள முடியாது: "ராம் எட்டு போதுமா, பதினாறு பார்க்கலாமா?" நிறம் பிடிக்காமல் போனால் உறை போட்டு மறைக்கலாம். இடம் போதவில்லை என்றால் வெளியிலிருந்து ஒரு டிஸ்க்கைச் செருகிக்கொள்ளலாம். ஆனால் இன்றைய மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில், கணினியின் வேலை நினைவகமான ராம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டே வருகிறது. வாங்கிய அன்று எவ்வளவோ, கடைசி வரை அவ்வளவுதான்.

இந்தக் கேள்வியோடு ஒட்டிக்கொண்டு இன்னொன்றும் வரும். நேற்று வெளியான மாடலை இன்றே வாங்கலாமா, கொஞ்சம் பொறுக்கலாமா? இரண்டுக்கும் விடை விளம்பரத்தில் இல்லை, இயற்பியலில் ஓரளவு இருக்கிறது. அதைத் தேட ஓர் உண்மையான இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம்: 2020 நவம்பர் 10 அன்று ஆப்பிள் அறிவித்த எம்1 மேக்புக் ஏர். அன்று அதை வாங்கியவர்கள் எடுத்த முடிவுகளுக்கு இன்று நம்மால் மதிப்பெண் போட முடியும். நேற்று வந்த மாடலுக்கு அப்படிப் போட முடியாது.

அன்றைய நிலவரம்

2006 முதல் மேக் கணினிகளில் இன்டெல் சிப்தான் இருந்தது. ஐபோனுக்குச் சிப் வடிவமைத்துப் பழகிய ஆப்பிள், மேக்குக்கும் தானே ஒன்றை வடிவமைத்தது. அதுதான் எம்1. தைவானின் டிஎஸ்எம்சி நிறுவனம் 5 நானோமீட்டர் முறையில் தயாரித்துக் கொடுத்தது. உள்ளே 1,600 கோடி டிரான்சிஸ்டர்கள். வெளித்தோற்றத்தில் மேக்புக் ஏர் அப்படியே இருந்தது. உள்ளே விசிறியை மட்டும் காணோம்.

அடிப்படை மாடலில் 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி. இந்திய விலை 92,900 ரூபாய். ராமை 16 ஆக்க இன்னும் 20,000 ரூபாய். அதற்கு மேல் போகவே வழியில்லை. முதல் தலைமுறைச் சிப்பை நம்பலாமா, அந்த இருபதாயிரம் தேவையா என்று வாங்க வந்தவர் இரண்டு முடிவு எடுக்க வேண்டியிருந்தது.

தரவு வந்து சேரும் தூரம்

ராமின் அருமை தெரிய வேண்டுமென்றால் சிப் எவ்வளவு நேரம் சும்மா காத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். சிப்பின் ஒரு கோர் ஒரு கூட்டலை ஒரு நானோ நொடிக்குள், அதாவது ஒரு நொடியில் நூறு கோடியில் ஒரு பங்குக்குள், முடித்துவிடும். கூட்ட வேண்டிய எண் கைக்கு வந்து சேருவதில்தான் தாமதம். சிப்புக்குள்ளேயே இருக்கும் சிறிய கேஷ் நினைவகத்திலிருந்து வர ஏறக்குறைய ஒரு நானோ நொடி. ராமிலிருந்து வர சுமார் நூறு நானோ நொடி. எஸ்எஸ்டியிலிருந்து வர சுமார் ஒரு லட்சம் நானோ நொடி. பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்காக இருந்தால் ஒரு கோடி.

இந்த எண்கள் மனதில் நிற்காது. ஒரு நானோ நொடியை ஒரு நொடியாக இழுத்துப் பார்ப்போம். அப்போது கேஷில் இருக்கும் எண் ஒரு நொடியில் வரும். ராமில் இருப்பது வர ஒன்றரை நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். எஸ்எஸ்டியில் இருப்பது மறுநாள்தான் வந்து சேரும். ஹார்ட் டிஸ்க்கில் இருந்தால் ஏறத்தாழ நான்கு மாதம்.

இனி ராம் நிரம்பிவிட்டால் நடப்பதைப் பாருங்கள். உலாவியில் முப்பது பக்கங்கள், ஒரு எக்செல், ஒரு காணொளி அழைப்பு, பின்னால் புகைப்படத் தொகுப்பு. எல்லாம் சேர்ந்து இருக்கும் ராமைத் தாண்டியதும், இயங்குதளம் சற்று நேரமாகத் தொடப்படாத பகுதிகளை எஸ்எஸ்டிக்கு அனுப்பி இடம் பண்ணும். இதற்கு ஸ்வாப் என்று பெயர். அனுப்பிய பகுதி மறுபடி தேவைப்பட்டால் அங்கிருந்து கொண்டுவர வேண்டும். ஒன்றரை நிமிட வேலை ஒரு நாள் வேலையாக மாறுவது இந்த இடத்தில்தான்.

இதிலிருந்து ஒரு முக்கியமான குணம் தெரிகிறது. வேலை 8 ஜிபிக்குள் அடங்கும் வரை, 16 ஜிபி வாங்கியவருக்குக் கூடுதல் வேகம் எதுவும் கிடைக்காது. அடங்காமல் போன கணத்திலிருந்து வித்தியாசம் படிப்படியாக வராது, திடீரென்று வரும். ராம் விஷயத்தில் அனுபவஸ்தர்கள் ஆளுக்கொன்று சொல்வதற்குக் காரணம் இதுதான். யாரும் பொய் சொல்லவில்லை. ஒருவரின் வேலை எல்லைக்கு இந்தப் பக்கம், மற்றவரின் வேலை அந்தப் பக்கம்.

எட்டு, பதினாறு ஆகுமா?

எம்1 வந்த புதிதில் 8 ஜிபி மாடலே பலரை அசத்தியது. அதற்கு நியாயமான காரணங்கள் இருந்தன. மேக் இயங்குதளம் 2013 முதலே ராமில் இருப்பதைச் சுருக்கி வைக்கும் வித்தையைச் செய்துவருகிறது. எம்1 ஏரின் எஸ்எஸ்டி நொடிக்கு 2,900 எம்பி அளவுக்கு வாசிக்கக்கூடியது. ஆகவே ஸ்வாப் நடந்தாலும் பல நேரம் கண்ணுக்குத் தெரியாது.

இந்த அனுபவம் மெல்ல ஒரு கொள்கையாகவே மாறியது. ஆப்பிளின் சந்தைப் பிரிவு அதிகாரி பாப் போர்ச்சர்ஸ் 2023இல் ஒரு பேட்டியில், மேக்கின் 8 ஜிபி பிற கணினிகளின் 16 ஜிபிக்கு ஒப்பானது என்ற பொருளில் பேசினார். இதை எண்களை வைத்துச் சோதிக்கலாம். எம்1இல் ராமுக்கும் சிப்புக்கும் இடையே நொடிக்கு 68 ஜிபி பாய்கிறது. எஸ்எஸ்டியிலிருந்து வருவது 3 ஜிபிக்கும் கீழே. பாய்ச்சலில் இருபது மடங்குக்கு மேல் வித்தியாசம். முதல் பைட் வந்து சேரும் நேரத்திலோ ஆயிரம் மடங்கு. மேலும், ஒரு புகைப்படம் விரித்து வைக்கப்படும்போது எடுத்துக்கொள்ளும் பைட்டுகள் எந்த நிறுவனத்தின் சிப்பிலும் மாறுவதில்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எம்1இல் படம் வரையும் கிராபிக்ஸ் பகுதிக்கெனத் தனி நினைவகம் இல்லை. திரையில் தெரிவதற்கான பங்கையும் அதே 8 ஜிபியிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. கணக்குப் பார்த்தால் எட்டு, எட்டுக்கும் சற்றுக் குறைவாகவே பயன்படும்.

தீர்ப்பை ஆப்பிளே எழுதியது. 2024 அக்டோபரில், விலையை ஏற்றாமலேயே மேக்புக் ஏரின் அடிப்படை ராமை 16 ஜிபி ஆக்கியது. அதே வாரம்தான் கணினிக்குள்ளேயே ஓடும் செயற்கை நுண்ணறிவு வசதிகளை அது மேக்குக்கு வெளியிட்டது. இரண்டுக்கும் உள்ள தொடர்பை ஒரு பெருக்கலில் பார்க்கலாம். அப்படி ஓடும் மொழி மாதிரி சுமார் 300 கோடி பாராமீட்டர்கள், அதாவது எண்கள், கொண்டது. ஒவ்வொன்றுக்கும் 2 பைட் என்றால் 6 ஜிபி வேண்டும். நான்கில் ஒரு பங்காகச் சுருக்கினாலும் ஒன்றரை ஜிபி. பயன்படுத்தும்போது அத்தனையும் ராமில் உட்கார்ந்திருக்க வேண்டும். விண்டோஸ் உலகிலும் இதே கதைதான்: 2024 மே மாதம் மைக்ரோசாஃப்ட் அறிவித்த கோபைலட்பிளஸ் கணினிகளுக்குக் குறைந்தபட்சத் தகுதி 16 ஜிபி.

ஏன் பற்றவைக்கிறார்கள்?

ராமைப் பின்னால் மாற்றிக்கொள்ள விட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். பற்றவைப்பதில் லாபக்கணக்கு இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் இயற்பியலும் இருக்கிறது. மின்சமிக்ஞை ஓடும் செப்புக் கோடு நீள நீள, அதை ஒவ்வொரு முறையும் மின்னேற்றி இறக்கச் செலவாகும் ஆற்றலும் கூடும். இடையில் ஒரு செருகி வந்தால் சமிக்ஞை சிதறும். எம்1இல் ராம், சிப் இருக்கும் அதே பொதிக்குள் சில மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது. பேட்டரி நீண்ட நேரம் தாங்குவதில் இதற்கும் பங்கு உண்டு. இன்டெலும் 2024இல் வெளியிட்ட ஒரு மடிக்கணினிச் சிப் வரிசையில் ராமைப் பொதிக்குள்ளேயே வைத்தது. 16 அல்லது 32, வேறு தேர்வில்லை.

புதியது எப்போதும் வேகமா?

2022 ஜூலையில் எம்2 மேக்புக் ஏர் வந்தது. சிப்பில் 2,000 கோடி டிரான்சிஸ்டர்கள், ராம் பாய்ச்சல் நொடிக்கு 100 ஜிபி. இந்திய விலை 1,19,900 ரூபாய். எல்லாம் முன்னேற்றம்தான். ஆனால் விமர்சகர்கள் சோதித்துப் பார்த்தபோது, 256 ஜிபி மாடலின் எஸ்எஸ்டி பழைய எம்1ஐவிடப் பாதி வேகத்தில் வாசிப்பது தெரிந்தது. நொடிக்குச் சுமார் 1,450 எம்பி.

எஸ்எஸ்டியின் வேகம் ஒரே துண்டிலிருந்து வருவதில்லை. தரவைச் சேமிக்கும் பல நாண்ட் சிப்புகளிலிருந்து ஒரே நேரத்தில் வாசித்துச் சேர்ப்பதால் வருகிறது. எம்1இல் 128 ஜிபி சிப்புகள் இரண்டு இருந்தன. எம்2இல் 256 ஜிபி சிப் ஒன்றே ஒன்று. கொள்ளளவு அதேதான், இணையாக ஓடும் பாதை பாதியானது. 512 ஜிபி வாங்கியவர்களுக்கு இந்தக் குறை இல்லை. 2024இல் வந்த எம்3 ஏரில் ஆப்பிள் மறுபடி இரண்டு சிப்புகளுக்குத் திரும்பியது. விலைப்பட்டியலில் மூன்று தலைமுறைக்கும் ஒரே வாசகம்தான்: 256 ஜிபி எஸ்எஸ்டி.

இதில் இரண்டு குறைகளும் கைகோத்துக்கொள்வதைக் கவனியுங்கள். 8 ஜிபி ராமோடு 256 ஜிபி எம்2 வாங்கியவருக்கு ஸ்வாப் அதிகம் நடக்கும். அது நடக்க வேண்டிய இடமோ பாதி வேகம்.

விலைப்பட்டியலில் இன்னொரு விசித்திரமும் உண்டு. எம்1 ஏரின் மலிவு மாடலில் கிராபிக்ஸ் கோர்கள் 7, விலை கூடியதில் 8. இரண்டுக்கும் தனித்தனிச் சிப் வடிவமைப்பு கிடையாது. சிலிக்கான் தகட்டில் அச்சாகும் சிப்புகளில் சிலவற்றில் ஏதாவது ஒரு மூலையில் பழுது விழும். பழுது ஒரு கிராபிக்ஸ் கோருக்குள் விழுந்திருந்தால் அந்தக் கோரை மட்டும் அணைத்துவிட்டு மிச்சத்தை விற்றுவிடலாம். குப்பைக்குப் போகவேண்டியது நல்ல விலைக்குப் போகிறது. வாங்குபவருக்கும் இதில் நஷ்டமில்லை. எட்டில் ஒன்று குறைவதை அன்றாட வேலையில் கண்டுபிடிப்பது கடினம்.

விசிறி இல்லாத வீட்டில் மே மாதம்

ஒரு சிப் விழுங்கும் மின்திறன், அது துடிக்கும் அதிர்வெண்ணோடு நேர்விகிதத்திலும் மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் கூடுகிறது. வேகமாகத் துடிக்க வைக்க மின்னழுத்தத்தையும் ஏற்ற வேண்டியிருப்பதால், வேகம் கூடும் விகிதத்தைவிட வெப்பம் கூடும் விகிதம் அதிகம். இதைத் திருப்பிப் போட்டால் நல்ல செய்தி: வேகத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் வெப்பம் வெகுவாகக் குறையும்.

மேக்புக் ஏர் விசிறி இல்லாமல் பிழைப்பது இந்தக் கணக்கில்தான். சில நிமிட வேலைகளில், விசிறி வைத்த 13 அங்குல மேக்புக் ப்ரோவும் அதுவும் சமம். சிப் ஒன்றேதான். காணொளியை ஏற்றுமதி செய்வது போன்ற நீண்ட வேலையில் பத்து நிமிடம் போல ஆனதும் ஏர் தன்னைத்தானே சற்று மெதுவாக்கிக்கொள்ளும். ப்ரோ அதே வேகத்தில் போகும்.

விமர்சனங்கள் பெரும்பாலும் குளிர்நாட்டு அறைகளிலோ குளிர்சாதன அறைகளிலோ எழுதப்படுபவை. மேக்புக் ஏரை 10 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரையிலான சூழலில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். சென்னையிலும் வேலூரிலும் மே மாதத்தில் நிழலிலேயே 40ஐத் தாண்டும் நாட்கள் உண்டு. மின்விசிறி மட்டும் சுழலும் அறையில் நீண்ட நேரம் கனமான வேலை செய்பவர், விசிறி உள்ள இயந்திரத்தை எடுப்பதே நல்லது. வெப்பம் லித்தியம் பேட்டரியின் ஆயுளையும் தின்னும்.

சிப்பை இரட்டிப்பாக்கினால் வேலை பாதியாகுமா?

கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967இல் ஒரு வாதத்தை முன்வைத்தார். ஒரு வேலையின் ஒரு பகுதியை மட்டும் வேகப்படுத்தினால், மொத்தத்தில் கிடைக்கும் லாபத்துக்கு மற்றப் பகுதி வரம்பு போட்டுவிடும். பத்து நிமிட வேலையில் சிப் உண்மையாகக் கணக்குப் போடுவது இரண்டு நிமிடம், மிச்சம் இணையத்துக்கும் டிஸ்க்குக்கும் நம் விரல்களுக்கும் காத்திருப்பு என்று வையுங்கள். சிப்பை இரண்டு மடங்கு வேகமாக்கினால் மிச்சமாவது ஒரு நிமிடம். பத்து, ஒன்பது ஆகும். சிப்பை எல்லையில்லாத வேகத்துக்குக் கொண்டுபோனாலும் எட்டு நிமிடத்துக்குக் கீழே இறங்காது.

கடிதம் எழுதுபவருக்கும் கணக்குப் பார்ப்பவருக்கும் அதிவேகச் சிப்புக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் பெரும்பாலும் வீண். அந்தப் பணத்துக்கு நல்ல திரையும் நல்ல விசைப்பலகையும் வாங்கினால் தினமும் பயன் தெரியும்.

முதல் வரிசையில் நிற்பதன் விலை

2011 ஜனவரித் தொடக்கத்தில் இன்டெல் தன் சாண்டி பிரிட்ஜ் சிப்புகளை வெளியிட்டது. விமர்சனங்கள் பிரமாதம். அதே மாதம் 31ஆம் தேதி, உடன் வரும் துணைச் சிப்பில் ஒரு வடிவமைப்புப் பிழை இருப்பதை இன்டெலே அறிவித்தது. டிஸ்க்குகளை இணைக்கும் சில சாட்டா வாயில்கள் காலப்போக்கில் நலியக்கூடும். சரிசெய்யவும் மாற்றிக் கொடுக்கவும் சுமார் 70 கோடி டாலர் ஆகும் என்று இன்டெல் மதிப்பிட்டது. வாங்கிய முதல் நாள் எந்தச் சோதனையிலும் இந்தப் பிழை மாட்டியிருக்காது, ஏனென்றால் அது வயதாக வயதாகத் தெரிவது.

ஆப்பிளின் பட்டாம்பூச்சி விசைப்பலகை இதைவிட நீண்ட கதை. 2015இல் வந்தது. தூசி புகுந்தால் விசைகள் ஒட்டிக்கொள்வதும் எழுத்துகள் இரட்டிப்பதும் பெருவாரியான புகாராகி, 2018இல் இலவசப் பழுதுநீக்கத் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2019 நவம்பரில்தான் பழைய கத்தரி அமைப்புக்குத் திரும்பத் தொடங்கினார்கள். அமெரிக்க வழக்கில் 2022இல் ஆப்பிள் 5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது.

ஆகவே ஒரு புதிய மாடலைப் பார்க்கும்போது கேட்க வேண்டியது, இதில் எது புதிது என்பதுதான். எம்1 ஏரில் சிப் புதிது, உடலும் விசைப்பலகையும் ஏற்கனவே விற்பனையில் இருந்தவை. இயந்திரக் கோளாறுக்கு வாய்ப்புக் குறைவு, மென்பொருள் தகராறுக்கு அதிகம். அப்படித்தான் நடந்தது. இன்டெலுக்காக எழுதிய நிரல்களை ரொசெட்டா 2 என்ற மொழிபெயர்ப்பி பெரும்பாலும் அழகாக ஓட்டியது. ஆனால் நிரலாளர்கள் நம்பியிருந்த டாக்கர் என்ற மென்பொருள், எம்1க்கு முழுமையாக வர 2021 ஏப்ரல் ஆனது. இன்டெல் மேக்கில் விண்டோஸை நிறுவ உதவிய பூட் கேம்ப் வரவேயில்லை. வெளித்திரை ஒன்றுதான் இணைக்க முடியும் என்ற வரம்பு பொடி எழுத்தில் இருந்தது. இரண்டு திரை வைத்து வேலை பார்ப்பவர்கள் வாங்கிய பிறகு கண்டுபிடித்தார்கள். எம்2 ஏரில் நிலைமை தலைகீழ்: சிப் இரண்டாம் தலைமுறை, உடல் புதிது.

மென்பொருள் தகராறுகள் சில மாதங்களில் தீரும். வடிவமைப்புக் குறைகள் தெரியவே ஓர் ஆண்டுக்கு மேல் ஆகலாம். அடிப்படை மாடலின் எஸ்எஸ்டி குறை போன்றவை முதல் சில வாரங்களிலேயே வெளிவந்துவிடும். ஒரு மாதம் பொறுத்தால் இந்த மூன்றாவது வகையை முழுமையாகவும் முதல் வகையைப் பாதியும் தவிர்க்கலாம். காத்திருப்பதன் பலன் அவ்வளவுதான். அடுத்த மாடல் வரட்டும் என்று காத்திருப்பதற்கு முடிவே கிடையாது. மேக்புக் ஏரில் எம்1 2020இல், எம்2 2022இல், எம்3 2024இல், எம்4 2025இல் வந்தன. எப்போதும் ஒன்று வந்துகொண்டேதான் இருக்கும்.

மதிப்பெண்

இனி விடைத்தாளைத் திருத்துவோம். எழுத, படிக்க, படம் பார்க்க என்று 8 ஜிபி எம்1 வாங்கியவர் தேறிவிட்டார். 2024 மார்ச்சில் அமெரிக்காவின் வால்மார்ட், மூன்றரை வயதான அதே மாடலைப் புதிதாகவே 699 டாலருக்கு விற்கத் தொடங்கியது. 2025 செப்டம்பரில் வந்த மேக் இயங்குதளமும் அதில் ஓடுகிறது. காணொளித் தொகுப்புக்கும் நிரலெழுதவும் 8 வாங்கியவர் தோற்றார். 16 வாங்கியவரின் கூடுதல் 20,000 ரூபாயை ஐந்து ஆண்டுக்குப் பிரித்தால் நாளுக்கு 11 ரூபாய். இயந்திரத்தின் ஆயுளை நீட்டுவதில் அவருக்குக் கிடைத்த லாபத்துக்கு இது அதிகமில்லை.

நீங்கள் வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். இப்போது வைத்திருக்கும் கணினியில், வேலை மிகக் கனமாக இருக்கும் நேரத்தில், விண்டோஸ் என்றால் டாஸ்க் மேனேஜரையும் மேக் என்றால் ஆக்டிவிட்டி மானிட்டரையும் திறந்து ராம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது, சிப் எவ்வளவு உழைக்கிறது என்று பாருங்கள். ராம் விளிம்பில் நின்று சிப் ஓய்வாக இருந்தால் உங்களுக்குத் தேவை ராம். சிப் மணிக்கணக்கில் நூறு சதவீதத்தில் நின்றால் தேவை நல்ல சிப்பும் விசிறியும். இரண்டும் சும்மா இருந்தால் புதிய கணினி உங்களுக்கு இப்போது தேவையே இல்லை.

வாங்கத்தான் வேண்டும் என்றால் வரிசை இதுதான். பின்னால் மாற்ற முடியாததற்கு முதலில் செலவழியுங்கள்: ராம் 16க்குக் குறைய வேண்டாம். அடுத்து எஸ்எஸ்டி, முடிந்தால் 512. சிப்பின் மேல்மாடல் கடைசி. வெளிவந்து ஒரு மாதம் போகட்டும். அதன்பின் தயங்காமல் வாங்கி, அது ஓய்ந்துபோகும் வரை பயன்படுத்துங்கள்.